123456789: ஒரு பெரிய முழு எண்ணைப் படிப்படியாக ஆராயும் முழுமையான வழிகாட்டி

ஒரு பெரிய முழு எண்ணைக் கொடுத்து அதன் பண்புகளைக் கேட்டால், பெரும்பாலோர் இரட்டையா ஒற்றையா என்று பார்த்துவிட்டு, பகா எண்ணா என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையில் ஓர் எண்ணின் குணங்களில் பெரும்பகுதி அதன் பகாக் காரணிகளிலேயே அடங்கியிருக்கிறது. அவற்றைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவற்றைச் சில பெருக்கல்களில் எழுதிவிடலாம். எஞ்சிய குணங்கள் எண்ணைச் சேர்ந்தவை அல்ல, அதை நாம் பத்தடிமானத்தில் எழுதும் முறையைச் சேர்ந்தவை. இந்த இரண்டு வகைகளையும் கலந்துவிடாமல் பார்ப்பதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

எடுத்துக்காட்டாக, எல்லோரும் ஒருமுறையாவது விசைப்பலகையில் தட்டியிருக்கும் 12,34,56,789 என்ற எண்ணை எடுத்துக்கொள்கிறேன். இது வெறும் அலங்கார எண் என்று நினைத்துத்தான் நான் முதலில் இதைத் தொட்டேன். கையாலேயே காரணிப்படுத்த முடிகிற, ஆனால் அவ்வளவு எளிதில் பிடிகொடுக்காத எண் இது என்பது பிறகுதான் தெரிந்தது.

படி 1: வகுக்காமலே தெரிவன

எண் 9 இலக்கங்கள் கொண்டது. கடைசி இலக்கம் 9 என்பதால் ஒற்றை எண். 2, 5 ஆகியவற்றால் வகுபடாது. கடைசி மூன்று இலக்கங்களான 789ஐ 8ஆல் வகுத்தால் மீதி 5. ஆயிரம் என்பது 8இன் மடங்கு என்பதால், முழு எண்ணை 8ஆல் வகுத்தாலும் மீதி அதே 5தான். இந்தச் சிறிய தகவலைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இரண்டு இடங்களில் பயன்படும்.

முதல் பயன் இங்கேயே கிடைக்கிறது. எந்த ஒற்றை எண்ணின் வர்க்கத்தையும் 8ஆல் வகுத்தால் மீதி 1 மட்டுமே வரும். நம் எண்ணுக்கு 5 வருவதால், வர்க்கமூலம் காணாமலே இது முழு வர்க்கம் அல்ல என்று சொல்லிவிடலாம். முக்கோண எண்ணா (அதாவது 1 + 2 + 3 + … என்று வரிசையாகக் கூட்டி வரும் எண்ணா) என்ற கேள்விக்கும் இதே போன்ற குறுக்கு வழி உண்டு. ஓர் எண்ணை 8ஆல் பெருக்கி 1ஐக் கூட்டினால் முழு வர்க்கம் வரும் என்றால் மட்டுமே அது முக்கோண எண். இங்கே 98,76,54,313 வருகிறது. 3இல் முடியும் முழு வர்க்கம் கிடையாது. ஆகவே முக்கோண எண்ணும் அல்ல.

படி 2: சிறிய பகா எண்களைச் சோதித்தல்

இலக்கங்களின் கூட்டுத்தொகை 45. அது 9ஆல் வகுபடுவதால் எண்ணும் 9ஆல் வகுபடும்; ஈவு 1,37,17,421. இந்த ஈவின் இலக்கக் கூட்டுத்தொகை 26 என்பதால் இன்னொரு 3 இதற்குள் இல்லை.

7, 11, 13 ஆகிய மூன்றையும் தனித்தனியாக வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. மூன்றையும் பெருக்கினால் 1001 வரும். ஆகவே எண்ணை வலப்பக்கமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து மாறி மாறிக் கழித்துக் கூட்டினால், மூன்று சோதனைகளும் ஒரே சிறிய எண்ணுக்கு இறங்கிவிடும். 789 − 456 + 123 = 456. இந்த 456ஐ 7ஆல் வகுத்தால் மீதி 1, 11ஆல் வகுத்தால் 5, 13ஆல் வகுத்தால் 1. மூன்றும் காரணிகள் அல்ல.

இதே வழியில் 17, 19, 23 என்று மேலே போகலாம். ஆனால் எவ்வளவு தூரம்? 1,37,17,421இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3703.7. ஓர் எண் பகு எண்ணாக இருந்தால், அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத ஒரு பகாக் காரணியாவது அதற்கு இருந்தே தீரும் என்பதால் 3703 வரை போனால் போதும். ஆனால் அந்த எல்லைக்குள் 500க்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. நான் கையால் முயன்றபோது 100ஐத் தாண்டுவதற்குள் பொறுமை போய்விட்டது. இந்த இடத்தில் வழியை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

வழியை மாற்றும் முன், மீதமுள்ள எண் பகா எண்ணாகவே இருந்துவிடுமோ என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இல்லாத காரணியைத் தேடுவது வீண் உழைப்பு. 17ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, n ஓர் ஒற்றைப் பகா எண் என்றால் 2இன் (n−1)ஆம் அடுக்கை nஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். 2ஐ 1,37,17,420 தடவை பெருக்க வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் 23 வர்க்கங்களில் முடிந்துவிடும். நம் எண்ணுக்கு மீதி 1 வராது. எனவே காரணி எதையும் கண்ணால் பார்க்காமலே இது பகு எண் என்று உறுதியாகச் சொல்லலாம். இதன் மறுதலை உண்மையல்ல என்பதை மறக்கக் கூடாது. 341 = 11 × 31 என்பது பகு எண்; ஆனாலும் 2ஐ வைத்துச் சோதித்தால் மீதி 1 தந்து ஏமாற்றும். 561 போன்ற கார்மைக்கேல் எண்கள், தம்மோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்துக்கும் இப்படியே நடிக்கும்.

படி 3: இரு வர்க்கங்களின் வேறுபாடாக உடைத்தல்

ஃபெர்மாவே தந்த இன்னொரு வழி இங்கே கைகொடுக்கிறது. ஓர் ஒற்றை எண்ணை a² − b² என்று எழுத முடிந்தால், அது (a − b)(a + b) என்று தானாகவே பிரிந்துவிடும். 1643ஆம் ஆண்டுவாக்கில் எழுதிய ஒரு கடிதத்தில் அவர் 2,02,76,51,281 என்ற எண்ணை இந்த வழியில்தான் 44,021 × 46,061 என்று பிரித்துக் காட்டினார். செய்முறை இதுதான்: எண்ணின் வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணை aஆக எடுத்துக்கொண்டு, a²இலிருந்து எண்ணைக் கழித்து, மிச்சம் முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் aஐ ஒன்று கூட்டி மீண்டும் பார்க்க வேண்டும்.

a = 3704 என்று வைத்தால் a² = 1,37,19,616. கழித்தால் 2,195. ஐந்தில் முடியும் முழு வர்க்கம் எப்போதும் 25இல்தான் முடியும். இது 95இல் முடிவதால் தள்ளிவிடலாம்.

a = 3705 என்று வைத்தால் a² = 1,37,27,025. கழித்தால் 9,604. இது 98இன் வர்க்கம்.

முடிந்தது. 3705 − 98 = 3607; 3705 + 98 = 3803. ஐந்நூறு வகுத்தல்களுக்குப் பதிலாக இரண்டு கழித்தல்கள்.

இதே முறையை 9ஆல் வகுக்காமல் முழு எண்ணிலேயே செய்து பார்ப்பதும் நல்ல பயிற்சி. வர்க்கமூலம் ஏறத்தாழ 11111.11 என்பதால் 11112இலிருந்து தொடங்க வேண்டும். மிச்சங்கள் முறையே 19,755, 41,980, 64,207, 86,436. முதலாவது 55இல் முடிகிறது. இரண்டாவது ஒரே ஒரு சுழியத்தில் முடிகிறது. மூன்றாவது 7இல் முடிகிறது. மூன்றும் முழு வர்க்கமாக இருக்க வழியில்லை. நான்காவது 294இன் வர்க்கம். ஆகவே 11115 − 294 = 10,821, 11115 + 294 = 11,409 என்று இரு காரணிகள் கிடைக்கின்றன; இரண்டும் 3ஆல் வகுபட்டு அதே 3607, 3803 ஆகியவற்றைத் தருகின்றன. கடைசி இலக்கங்களைப் பார்த்தே தள்ளிவிடுகிற இந்தப் பழக்கம் பெரிய எண்களில் ஏராளமான நேரத்தை மிச்சப்படுத்தும்.

இரு காரணிகளும் 196 மட்டுமே வேறுபட்டு அருகருகே இருந்ததால்தான் இது இவ்வளவு விரைவாக நடந்தது. பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது கடினம் என்பதை நம்பியிருக்கும் ஆர்எஸ்ஏ (RSA) மறையாக்கத்தில் இரண்டு பெரிய பகா எண்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவை ஒன்றுக்கொன்று மிக நெருங்கியிருக்கக் கூடாது என்று வலியுறுத்துவதும் இதனால்தான். நெருங்கியிருந்தால் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்ணும் இப்படியே சில கழித்தல்களில் உடைந்துவிடும்.

படி 4: கிடைத்தவை பகா எண்கள்தானா என்று உறுதிசெய்தல்

இந்தப் படியைப் பலர் தவறவிடுகிறார்கள். 3607ஐ 59 வரையுள்ள பதினேழு பகா எண்களாலும், 3803ஐ 61 வரையுள்ள பதினெட்டுப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். எதுவும் மீதியின்றி வகுக்காது. 3607ஐ 59ஆல் வகுத்தால் மீதி 8, 3803ஐ 61ஆல் வகுத்தால் மீதி 21. எனவே இரண்டுமே பகா எண்கள்.

பெருக்கலை விரைவாகச் சரிபார்க்க ஒன்பதாலும் பதினொன்றாலும் வரும் மீதிகள் உதவும். 9ஆல் வகுக்கும்போது 3607 மீதி 7ஐயும் 3803 மீதி 5ஐயும் தருகின்றன; 35இன் மீதி 8. 1,37,17,421இன் இலக்கக் கூட்டுத்தொகையான 26இன் மீதியும் 8. பதினொன்றுக்கு 10 × 8 = 80, மீதி 3; மறுபக்கமும் 3. இவை பெருக்கல் சரி என்பதற்கு நிரூபணம் ஆகா. ஆனால் கைத்தவறுகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும்.

ஆகவே: 12,34,56,789 = 3² × 3607 × 3803. எண்ணியலின் அடிப்படைத் தேற்றப்படி, காரணிகளின் வரிசையை விட்டுவிட்டால், இதைத் தவிர வேறு பகாக் காரணிப் பிரிப்பு இந்த எண்ணுக்குக் கிடையாது. இனி வருபவை எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்தே கிடைக்கின்றன.

படி 5: வகுத்திகளும் அவற்றின் கூட்டுத்தொகையும்

அடுக்குகள் 2, 1, 1. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 3 × 2 × 2 = 12 வகுத்திகள். அவை: 1, 3, 9, 3607, 3803, 10,821, 11,409, 32,463, 34,227, 1,37,17,421, 4,11,52,263, 12,34,56,789. இவற்றை முதலும் கடைசியுமாகச் சேர்த்தால் ஆறு இணைகள் வரும். ஒற்றை எண்ணில் இப்படிப்பட்ட ஒவ்வோர் இணையும் இரு வர்க்கங்களின் வேறுபாடாக ஒரு வழியைத் தருவதால், நம் எண்ணை அவ்வாறு எழுதச் சரியாக ஆறு வழிகள் உண்டு. படி 3இல் கண்ட 11115² − 294² அவற்றில் ஒன்று.

வகுத்திகளைக் கூட்டவும் பட்டியல் தேவையில்லை. (1 + 3 + 9) × (1 + 3607) × (1 + 3803) = 13 × 3608 × 3804 = 17,84,22,816. இதிலிருந்து எண்ணையே கழித்தால் தகு வகுத்திகளின் (எண்ணைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின்) கூட்டுத்தொகை 5,49,66,027. இது எண்ணைவிடக் குறைவு என்பதால் 12,34,56,789 ஒரு குறைவெண். கூட்டுத்தொகை எண்ணுக்குச் சமமாக இருந்திருந்தால் நிறைவெண், மிகுந்திருந்தால் மிகையெண்.

இங்கே கணக்கு போடாமலே முடிவைக் கண்டிருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். வகுத்திகளின் கூட்டுத்தொகையை எண்ணால் வகுத்து வரும் விகிதம், ஒவ்வொரு பகாக் காரணி pக்கும் p/(p−1) என்பதைப் பெருக்கி வரும் எல்லையை ஒருபோதும் எட்டாது. 3க்கு அது 1.5, மற்ற இரண்டும் பெரிய பகா எண்கள் என்பதால் 1ஐவிட மயிரிழை அளவே கூடுதல். இந்த மூன்று பகா எண்களை எந்த அடுக்குக்கு உயர்த்திப் பெருக்கினாலும் விகிதம் 2ஐத் தொடவே தொடாது. சிறிய பகா எண்கள் பல சேர்ந்தால்தான் ஓர் ஒற்றை எண் மிகையெண் ஆக முடியும்; அவற்றில் மிகச் சிறியது 945 = 3³ × 5 × 7.

படி 6: சார்பகா எண்களின் எண்ணிக்கை

1 முதல் 12,34,56,789 வரை உள்ள எண்களில், இந்த எண்ணோடு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை என்பதை ஆய்லரின் சார்பு தருகிறது: 3 × (3−1) × 3606 × 3802 = 8,22,60,072. அதாவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. பெரிய பகாக் காரணிகள் இரண்டும் அரிதாகவே குறுக்கே வருகின்றன. தடுப்பு வேலையை எல்லாம் 3 ஒன்றே செய்கிறது.

படி 7: வகைப்படுத்துதல்

3இன் அடுக்கு 2 என்பதால் இது வர்க்கமில்லா எண் (எந்தப் பகா எண்ணின் வர்க்கத்தாலும் வகுபடாத எண்) அல்ல. ஆகவே, வர்க்கமில்லா எண்களுக்கு 1 அல்லது −1ஐயும் மற்றவற்றுக்கு 0ஐயும் தரும் மோபியஸ் சார்பின் மதிப்பு இங்கே 0. வேறுபட்ட பகாக் காரணிகள் மூன்று. திரும்ப வருவதையும் சேர்த்தால் நான்கு. வேறுபட்ட காரணிகளை மட்டும் பெருக்கி வரும் மூலப்பெருக்கம் 4,11,52,263.

மூன்று என்பது அதிகமா குறைவா? ஹார்டியும் இராமானுஜனும் 1917இல் நிறுவியபடி, n அளவிலான எண்களில் பெரும்பாலானவற்றின் வேறுபட்ட பகாக் காரணிகளின் எண்ணிக்கை, nஇன் இயல் மடக்கையின் இயல் மடக்கையை ஒட்டியே இருக்கும். நம் எண்ணின் இயல் மடக்கை 18.63, அதன் இயல் மடக்கை 2.92. எனவே இந்த விஷயத்தில் இது சராசரிக் குடிமகன்தான்.

இன்னொரு விஷயத்தில் அப்படி இல்லை. மிகப் பெரிய பகாக் காரணி வர்க்கமூலத்தைவிடப் பெரியதாக இருந்தால், அந்த எண்ணை 'வழக்கத்துக்கு மாறான எண்' என்று அழைப்பார்கள். நம் எண்ணின் மிகப் பெரிய பகாக் காரணி 3803, வர்க்கமூலமோ 11,111. ஆகவே இது வழக்கமான எண். வேடிக்கை என்னவென்றால், முழு எண்களில் ஏறத்தாழ 69 சதவீதம் 'வழக்கத்துக்கு மாறானவை'தான். 2இன் இயல் மடக்கையே அந்த விகிதம். பெயர் வைத்தவர் எண்ணிப் பார்க்காமல் வைத்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

படி 8: வர்க்கங்களின் கூட்டல்

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? எண்ணை 4ஆல் வகுத்தால் மீதி 1 வருவதால் முடியும் என்றே முதல் பார்வைக்குத் தோன்றும். ஆனால் விதி காரணிகளைப் பற்றியது: 4ஆல் வகுக்கும்போது மீதி 3 தரும் பகா எண்கள் அனைத்தும் இரட்டைப்படை அடுக்கில் இருக்க வேண்டும். 3 தப்பித்துவிடுகிறது, ஏனெனில் அதன் அடுக்கு 2. 3607, 3803 ஆகிய இரண்டும் மீதி 3 தருபவை; இரண்டின் அடுக்கும் 1. எனவே முடியாது. இரு குற்றவாளிகளும் ஒன்றையொன்று மறைத்து, பெருக்கலில் மீதி 1 என்ற நல்ல முகத்தைக் காட்டுகின்றன. காரணிப்படுத்தாமல் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

மூன்று வர்க்கங்களின் கூட்டலாக நிச்சயம் எழுதலாம். லெஜாண்டரின் தேற்றப்படி 4இன் ஏதேனும் ஓர் அடுக்கை 8k + 7 வடிவ எண்ணால் பெருக்கி வருபவை மட்டுமே தடைபடும். படி 1இல் குறித்துவைத்த மீதி 5 இங்கே இரண்டாவது முறையாகப் பயன்படுகிறது.

படி 9: எழுதும் முறையைச் சார்ந்த குணங்கள்

1 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள் ஒவ்வொன்றும் ஒருமுறை வருகிறது என்பதுதான் இந்த எண்ணின் புகழுக்குக் காரணம். இந்த இலக்கங்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் 3,62,880 எண்கள் கிடைக்கும். கூட்டுத்தொகை எப்போதும் 45 என்பதால் அவை அனைத்தும் 9ஆல் வகுபடும். ஒன்றுகூடப் பகா எண் அல்ல.

மற்ற வகைகளை விரைவாகக் கடக்கலாம். இலக்கக் கூட்டுத்தொகையால் எண் வகுபட்டால் அது ஹர்ஷத் எண். இந்தப் பெயரைத் தந்தவர் கணித ஆசிரியர் கப்ரேகர். 45ஆல் வகுபட 0இலோ 5இலோ முடிய வேண்டும். எனவே இது ஹர்ஷத் எண் அல்ல. ஸ்மித் எண் என்றால் பகாக் காரணிகளின் இலக்கக் கூட்டுத்தொகையும் 45 வர வேண்டும்; இங்கே 3 + 3 + 16 + 14 = 36. மகிழ் எண்ணா என்று பார்க்க இலக்கங்களின் வர்க்கங்களைத் திரும்பத் திரும்பக் கூட்ட வேண்டும்: 285, 93, 90, 81, 65, 61, 37, 58, 89 என்று போய், பின் 37க்கே திரும்பும் சுழற்சியில் சிக்கிக்கொள்கிறது, 1ஐ அடைவதில்லை. இரும எண்ணாக எழுதினால் 111010110111100110100010101. 27 இலக்கங்களில் 16 ஒன்றுகள். ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டையாக இருப்பதால் இதை ஈவில் எண் என்பார்கள். ஆங்கிலத்தில் இரட்டைக்கான சொல்லும் தீமைக்கான சொல்லும் ஒலியில் நெருங்கியவை என்பதைத் தவிர அந்தப் பெயருக்கு ஆழமான காரணம் எதுவும் இல்லை.

எழுதும் முறையிலிருந்து எழுந்தாலும் உண்மையான பொருள் உள்ள ஒரு குணம் உண்டு. எண்ணை 81ஆல் பெருக்கினால் 9,99,99,99,909 வருகிறது, அதாவது 10இன் பத்தாம் அடுக்கிலிருந்து 91 குறைவு. எனவே இந்த எண் 10¹⁰ ÷ 81 என்பதற்கு மிக அருகில் இருக்கிறது. அதன் வர்க்கமூலம் 10⁵ ÷ 9ஐ ஒட்டி 11111.11 என்று அமைந்தது தற்செயல் அல்ல.

அடுத்த பயிற்சி

இதே படிகளை 98,76,54,321க்குச் செய்து பாருங்கள். முதலில் யூக்ளிட் முறையில் இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி காணலாம்: பெரியதைச் சிறியதால் வகுத்தால் ஈவு 8, மீதி 9, அந்த 9 சிறியதை மீதியின்றி வகுக்கிறது, எனவே விடை 9. இனி 9ஆல் வகுத்து வரும் 10,97,39,369இல் படி 3இன் முறையை அப்படியே பயன்படுத்தினால், a = 10,476இல் தொடங்கி 1,90,005 வரை, மொத்தம் 1,79,530 முயற்சிகள் தேவைப்படும்; காரணம், அதன் காரணிகள் 289, 3,79,721 என்று வெகு தொலைவில் நிற்கின்றன. மாறாக, சிறிய பகா எண்களால் வகுத்துக்கொண்டே போனால் ஏழாவது பகா எண்ணான 17 உடனே பிடிபடும், அதுவும் இரண்டு முறை. 12,34,56,789இல் 9ஐத் தாண்டிப் பயனற்றுப்போன படி 2 இங்கே வேலையை முடித்துவிடுகிறது. ஆகவே சில பத்துப் பகா எண்களைச் சோதித்த பிறகே ஃபெர்மாவின் முறைக்குப் போக வேண்டும், அதுவும் இருபது முப்பது முயற்சிகளுக்குள் பலன் தராவிட்டால் பழைய வழிக்கே திரும்பிவிட வேண்டும்.